கொள்ளைநோயும் மாதச் சம்பளமும்

‘அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் வேண்டும்’ என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. துணிவற்றவர்களின் வாக்கு என்று இதனை எள்ளி நகையாடுவோர் உண்டு. வாணிபத்திலும் புது முயற்சிகளிலும் இறங்கத் தயங்கி, மாதச் சம்பளத்தின் நிழலில் ஒதுங்க விரும்பும் மனப்பான்மை என்று இதனைக் கண்டிப்போரும் உண்டு. ஆயினும் இப்பழமொழி காசின் அளவைப் பாராட்டவில்லை. அது அரைக்காசுதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அது பாராட்டுவது காசின் நிலைபேற்றை. மழை பெய்தாலும் பொய்த்தாலும், ஊரில் நோய் வந்தாலும் வராவிட்டாலும், மாதம் பிறந்தால் வரும் என்னும் உறுதியை.

அவ்வுறுதியை நாடித்தான் நம்முள் பலருடைய பாட்டன்மாரும் தந்தையரும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் ரயிலேறினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் பணிபுரிகின்றனர். பாட்டனைவிடப் பன்மடங்கு சம்பளம் பெறுகின்றனர். ஆனால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் கொரோனா என்னும் பெருந்தொற்று பரவியபோது, இவ்விளைஞர்களில் பலருக்குத் தம் உத்தியோகம் எத்துணை மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது தெரியவந்தது. இது புதிதாக நேர்ந்த விபத்தா, அன்றி நம் நாட்டுத் தொழில் வரலாற்றில் இதற்கு வேர் உண்டா? இவ்வினாவிற்கு விடை காண, முன்னர் வந்த இரு பெருநோய்களை முதலில் நோக்குவோம்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பம்பாய் நகரின் மாண்டவிப் பகுதியில் மகாமாரி எனப்பட்ட பிளேக் நோய் தோன்றியதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் கண்டறிந்து கூறினார். துறைமுகத்தை அடுத்துத் தானியக் கிடங்குகள் நெருங்கியிருந்த பகுதி அது. அன்றைய பம்பாயில் ஏறத்தாழ எட்டரை லட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1897 பிப்ரவரிக்குள் அவர்களில் பாதியை நெருங்கும் தொகையினர் நகரைவிட்டு வெளியேறிவிட்டனர். ரத்தினகிரிக்கும் சாத்தாராவிற்கும் செல்லும் வழிகளெல்லாம் மூட்டைமுடிச்சுகளுடன் மக்கள் கூட்டம் நிறைந்தது.

இவ்வோட்டத்தால் பஞ்சாலைகளில் ஆளில்லாமற்போயிற்று. அதுகாறும் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளம் எவ்வாறு கொடுக்கப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். மாதம் முழுதும் உழைத்தபின், மேலும் சில வாரங்கள் கழித்தே கூலி கைக்கு வரும். இடையில் ஒருவன் வேலையை விட்டு நீங்கினால், நிலுவையிலிருக்கும் கூலியை இழக்க நேரும். நிலுவை என்பது தொழிலாளியைக் கட்டிவைக்கும் கயிறாக இருந்தது. மகாமாரி வந்ததும் அக்கயிறு அறுந்தது. நாளை உயிரோடிருப்போமா என்று ஐயுறுபவன், அடுத்த மாதக் கூலிக்கு எங்ஙனம் காத்திருப்பான்? எஞ்சியிருந்த தொழிலாளர் அன்றாடக் கூலியை அன்றன்றே கையில் தரவேண்டும் என்றனர். ஆலை முதலாளிகளும் வேறு வழியின்றி இசைந்தனர். ஓர் ஆலையின் ஆட்களை மற்றோர் ஆலையின் மேஸ்திரி தெருமுனையில் நின்று கூடுதல் கூலி கூறி அழைத்துச் செல்வதும் நிகழ்ந்தது.

எழுதப் படிக்க அறியாத ஆலைத் தொழிலாளி, சங்கமோ சட்டமோ துணையின்றி, ஒரு பருவகாலத்திற்குத் தன் கூலியைத் தானே நிர்ணயித்தான். அவனுக்கு அவ்வலிமையைத் தந்தது ஆள் தட்டுப்பாடு. வேலை இருந்தது, செய்ய ஆள் இல்லை. ஆனால் நோய் தணிந்து மக்கள் நகருக்குத் திரும்பியதும் தட்டுப்பாடு நீங்கிற்று. தட்டுப்பாட்டோடு அன்றாடக் கூலியும் நீங்கிற்று. பழைய மாதச் சம்பளமும் அதன் நிலுவையும் மீண்டும் வழக்கத்திற்கு வந்தன. காரணம் எளியது. அந்த உரிமை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

அவ்வாண்டு ஏட்டில் எழுதப்பட்டது வேறொன்று. 1897 பிப்ரவரி 4-ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம் அது. பயணிகளைச் சோதிக்கவும், நோயுற்றவர்களைத் தனியே பிரிக்கவும், கட்டளையை மீறுவோரைத் தண்டிக்கவும், நல்லெண்ணத்துடன் கடமையாற்றும் அதிகாரிகளைக் காக்கவும் அதில் வழி இருந்தது. தனியே பிரித்து வைக்கப்பட்டவன் அந்நாட்களில் எதை உண்பான், அவனுடைய வேலை என்னாகும் என்பதைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 123 ஆண்டுகளுக்குப் பின்னர், 2020-இல் இந்நாட்டின் மாநிலங்கள் மீண்டும் கையிலெடுத்தது இதே சட்டத்தைத்தான் என்பதை மனத்திற் கொள்க.

மகாமாரி பம்பாய்க்கு மற்றொன்றையும் விட்டுச்சென்றது. நெருக்கடியான குடியிருப்புகளே நோய்க்கு இடம் என்று கருதி, 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. அது வகுத்த திட்டங்களின்படி நகரின் வடபால் தாதர், மாட்டுங்கா முதலிய பகுதிகள் ஒழுங்கான தெருக்களுடன் எழுந்தன. பின்னாளில் தென்னாட்டுக் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும் குடும்பத்தோடு வந்து தங்கி, கோயிலும் பள்ளியும் சங்கீத சபையும் அமைத்துக்கொண்ட மாட்டுங்கா, இங்ஙனம் ஒரு கொள்ளைநோயின் விளைவாகப் பிறந்த குடியிருப்பே ஆகும்.

இனி இரண்டாவது நோயைக் காண்போம். 1918 ஜூன் மாதம், முதல் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக இன்புளுயென்சா என்னும் விஷக்காய்ச்சல் நாட்டினுள் நுழைந்தது. முதலில் நோயுற்று மருத்துவமனை சேர்ந்தவர்களுள் துறைமுகக் காவலில் இருந்த போலீஸ் சிப்பாயும் ஒருவர். அடுத்த சில நாட்களில் கப்பல் பணிமனையிலும், துறைமுக நிர்வாகத்திலும், வங்கியிலும், தந்தி அலுவலகத்திலும், நாணயசாலையிலும், ஆலைகளிலும் பணிபுரிவோர் அடுத்தடுத்துப் படுத்தனர். மகாமாரி பெரும்பாலும் நெருக்கமான குடிசைகளையும் கிடங்குகளையும் தாக்கியது. இக்காய்ச்சலோ மேசைக்கு மேசை பரவியது. இளம் பருவத்தினரையே இது மிகுதியாகக் கொன்றது என்பது இதன் தனிக் கொடுமை. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையே பேரழிவை உண்டாக்கிற்று. இந்நாட்டில் மாண்டவர் தொகை ஒரு கோடியே இருபது லட்சத்திற்குக் குறையாது என்றும், அதனினும் மிகுதி என்றும் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பத்தாண்டு முன்பிருந்ததைக் காட்டிலும் மக்கள்தொகை குறைந்திருந்தது. இந்திய மக்கள்தொகைக் கணக்கின் வரலாற்றில் அங்ஙனம் குறைந்த பத்தாண்டு அது ஒன்றே.

அவ்வாண்டு பருவமழையும் பொய்த்தது. போரின் காரணமாகத் துணியும் தானியமும் முன்பே விலையேறியிருந்தன. நோயிலிருந்து எழுந்தவனுக்குப் பழைய சம்பளம் பாதி வயிற்றுக்கும் போதவில்லை. 1919 ஜனவரியில் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். 1897-க்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்பு ஒவ்வொருவனும் தன் கூலியைத் தான் பேசினான். இப்போது பலர் கூடிப் பேசினர். சென்னையில் அக்காய்ச்சல் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, 1918 ஏப்ரல் 27 அன்று, பி. பி. வாடியா தலைவராகவும் திரு. வி. கலியாணசுந்தரனார் துணைநிற்கவும் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியிருந்தது. 1920 அக்டோபர் 31-இல் பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸ் கூடிற்று.

கூடிப் பேசியது எளிதில் பலிக்கவில்லை. சென்னைப் பஞ்சாலைச் சச்சரவில் வாடியாவின் மீது ஆலை நிர்வாகம் வழக்குத் தொடர்ந்து, உயர்நீதிமன்றத்தில் தடையுத்தரவும் பெற்றது. தொழிலாளரை ஒன்றுகூட்டுவதே குற்றமாகக் கருதப்படுமானால் சங்கம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. என். எம். ஜோஷி அதனை மத்திய சட்டசபைக்குக் கொண்டுசென்றார். அதன் பயனாக 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அதற்கு முன்னரே, 1923-இல், வேலையில் அடிபட்டோருக்கு நஷ்டஈடு வழங்கும் சட்டம் வந்திருந்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டில் தொழிற் தகராறுகள் சட்டம் வந்தது. 1953-இல் அதனைத் திருத்தி, ஆட்குறைப்பு செய்வதாயின் ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாட் சம்பளமும் தரவேண்டும் என்று விதித்தனர். வேலை இல்லையென்று தற்காலிகமாக நிறுத்திவைத்தால் பாதிச் சம்பளம் தரவேண்டும் என்பதும் அப்போது சேர்க்கப்பட்டதே. 1948-ஆம் ஆண்டின் ஊழியர் அரசு ஈட்டுறுதித் திட்டம், 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கி, நோயுற்ற நாட்களுக்கும் தொழிலாளிக்கு ஓரளவு வருமானம் உண்டு என்பதை நிலைநாட்டியது. 1952-இலேயே சேமநலநிதிச் சட்டமும் வந்தது.

அரசாங்க ஊழியர்க்கோ 1922 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள் இருந்தன. விடுப்பு எத்தனை நாள், விடுப்பில் சம்பளம் எவ்வளவு, விடுப்பு முடிந்து திரும்புபவருக்கு அவருடைய நிரந்தரப் பதவியின்மீது உள்ள உரிமை யாது என்பவை எல்லாம் எழுத்தில் நின்றன. 1931-இல் உலகப் பொருளாதார மந்தத்தின்போது அரசு ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து குறைத்தனர். ஆனால் நிரந்தரப் பதவியில் இருந்தவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அரண்மனை உத்தியோகம் என்று பழமொழி கூறியது இதைத்தான்.

இந்நிலைபேறு தனிமனிதருக்கு மட்டும் பயன்பட்டதன்று. வேற்றூர்களில் தமிழர் வேர்விட்டதற்கும் இதுவே காரணம். தில்லியில் 1923-இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய சிறு பள்ளி, பின்னர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளாக விரிந்தது. 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் எழுந்தது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கமும், 1950-இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் தோன்றின. இவற்றிற்கு மாதந்தோறும் சந்தா செலுத்தியவருள் பெருஞ்செல்வர் சிலரே. குமாஸ்தாக்களும் தட்டெழுத்தாளர்களும் கணக்கர்களும் பலர். அடுத்த மாதமும் அதே ஊரில், அதே வேலையில் இருப்போம் என்ற நம்பிக்கை உடையவனே ஒரு பள்ளிக்கூடத்திற்கு அடிக்கல் நாட்ட முன்வருவான்.

இங்கே ஒரு சொல்லைச் சற்று ஆராய்தல் வேண்டும். அரசாங்கக் கடிதங்களையும் சட்டங்களையும் நாள்தோறும் மொழிபெயர்ப்பவர்க்குச் சொற்களின் எல்லை முக்கியமானது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் யாரைக் காத்தது? ‘தொழிலாளி’யை. உடலுழைப்பு, தொழில்நுட்பப் பணி, எழுத்தர் பணி ஆகியவற்றைச் செய்வோர் அச்சொல்லுள் அடங்குவர். ஆகவே குமாஸ்தாவும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே. நிர்வாகப் பணி செய்வோரும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் பெறும் மேற்பார்வையாளரும் அடங்கார். 1988-இல் கோவா மாநிலத்தைச் சார்ந்த ஒரு வழக்கில், ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி புகட்டுதல் உயர்ந்த தொண்டு என்றும், அது மேற்கூறிய பணிவகைகளுள் ஒன்றிலும் சேராது என்றும் நீதிமன்றம் கருதியது. ஆசிரியர்க்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்றும் அத்தீர்ப்பிலேயே கருத்துத் தெரிவித்தது. பணியின் பெருமை உயர, அதற்குரிய காப்பு குறைந்தது என்பது இதனால் விளங்கும்.

1990-களுக்குப் பின்னர்க் கணிப்பொறித் துறை வளர்ந்தபோது, இந்நிலை பெருந்தொகையான இளைஞர்க்கு உரியதாயிற்று. பட்டம் பெற்று இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேரும் இளைஞருக்கு ‘ஆலோசகர்’, ‘ஆய்வாளர்’, ‘இணை மேலாளர்’ என்ற பெயர்கள் சூட்டப்பட்டன. நீதிமன்றங்கள் பதவியின் பெயரை நோக்காமல் செய்யும் பணியையே நோக்கும் என்பது உண்மை. ஆயினும் தொழிலாளர் சட்டம் தமக்கு உரியதன்று என்று அவ்விளைஞர் தாமே எண்ணினர். சங்கம் என்பது ஆலைக்காரர்களுக்கு உரியது என்று ஒதுங்கினர். பணிநிலை விதிகளை எழுத்தில் வகுத்துப் பதிவு செய்யவேண்டும் என்னும் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, கர்நாடக அரசு கணிப்பொறி நிறுவனங்களுக்கு 2014-இல் ஐந்தாண்டு விலக்கு அளித்து, 2019-இல் மேலும் நீட்டித்தது. அரசுத் துறைகளிலும் கல்லூரிகளிலும் ஒப்பந்த நியமனம் பெருகிற்று. ஒப்பந்த ஊழியரும் தற்காலிக ஊழியரும் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர இயலாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2018-இல் குறித்த கால நியமனம் எல்லாத் தொழில்களுக்கும் அனுமதிக்கப்பட்டது.

இந்நிலையில்தான் மூன்றாவது பெருநோய் வந்தது. 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், நிறுவனம் மூடியிருக்கும் காலத்திற்கும் பிடித்தமின்றிச் சம்பளம் வழங்கவேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தது. 1897-இன் சட்டத்தில் இல்லாத சொல் ஒன்று இதில் இருந்தது என்று மகிழலாம். ஆனால் அவ்வாணை மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது நாட்களுக்கு நின்ற அவ்வாணையைப்பற்றிய வழக்கில், முதலாளிகளும் தொழிலாளரும் தமக்குள் பேசி முடிவு காண்க என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 12-இல் கூறியது.

பேசி முடிவு காணச் சங்கம் உடையவர் பேசினர். தனியே நின்ற இளைஞர் எவருடன் பேசுவர்? மே மாதத்தின் ஒரே வாரத்தில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இரு புதுயுக நிறுவனங்களுள் ஒன்று 1,100 பேரையும் மற்றொன்று 1,400 பேரையும் பணியிலிருந்து நீக்கின. வேறு பல இடங்களில் நீக்கம் என்ற சொல்லே பயன்படவில்லை. ‘ஊதியமில்லா விடுப்பு’ என்றனர். ‘திட்டம் ஏதுமின்றிப் பெஞ்சில் இருத்தல்’ என்றனர். ராஜிநாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தால் நற்சான்று தருவோம் என்று தொலைபேசியில் கூறப்பட்டவர் பலர். இச்சொற்களின் வேறுபாடு சிறிதன்று. நீக்கப்பட்டவருக்கு முன்னறிவிப்பும் ஈட்டுத்தொகையும் கேட்க வழி உண்டு. தாமே விலகியதாகக் கையொப்பமிட்டவர் அவ்வழியைத் தம் கையாலேயே அடைத்துவிடுகிறார்.

எத்துணைப் பேர் பாதிக்கப்பட்டனர்? இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் என்னும் தனியார் ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி, 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரையில் மாதச் சம்பள வேலைகளில் 1 கோடியே 89 லட்சம் அழிந்தன. பொறியாளர், மருத்துவர், ஆசிரியர், கணக்காயர் முதலிய படித்த ஊழியர் தொகை மட்டும், அவ்வாண்டின் முதல் நான்கு மாதங்களில் 1 கோடியே 81 லட்சமாக இருந்தது. அடுத்த நான்கு மாதங்களில் 1 கோடியே 22 லட்சமாகக் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கினர் ஏறக்குறைய இல்லாமற்போயினர். அதே காலத்தில் மத்திய அரசு ஊழியர்க்கு நேர்ந்தது யாது? 2020 ஜனவரி முதல் ஒன்றரை ஆண்டுக்கு அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. படி உயர்வு நின்றது, பதவி நிற்கவில்லை. 1931-இல் கண்ட காட்சியே மீண்டும் தோன்றியது.

இளைஞர்க்கு இருந்த புகலிடங்களையும் நோக்குவோம். சேமநலநிதியிலிருந்து மூன்று மாதச் சம்பளத்திற்கு மிகாமல், இருப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து வரை எடுத்துக்கொள்ள அனுமதி தரப்பட்டது. அது பிறர் தந்த உதவியன்று. தம் முதுமைக்கென வைத்த அரிசியை இளமையிலேயே உலையில் இட்டதாகும். ஊழியர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில், வேலையிழந்தோருக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதியைத் தொண்ணூறு நாட்கள் வரை வழங்க ஏற்பாடாயிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறுபவர் அத்திட்டத்தில் இல்லை. நாற்பதாயிரம் ரூபாய் சம்பாதித்து, அதில் பாதியை அறை வாடகைக்கும் கல்விக் கடனுக்கும் செலுத்திவந்த இளம் பொறியாளர், உதவி பெறுவதற்கு மிகுந்த சம்பளம் உடையவர். மூன்று மாதம் சம்பளமின்றி வாழ்வதற்கோ மிகுந்த சேமிப்பு இல்லாதவர். அயலூரில் வாழ்பவருக்கு வேலை போவதென்பது வேலை மட்டும் போவதன்று; அறையும் உணவு விடுதியும் ஊரும் ஒருங்கே போவதாகும்.

பிற தொழில்களிலும் இதே நிலை. நீதிமன்றங்கள் மூடியபோது, மூத்த வழக்கறிஞர் அன்றன்று தரும் சிறு தொகையை நம்பியிருந்த இளம் வழக்கறிஞர்கள் வருமானம் இழந்தனர். முழுநேரச் சம்பள வேலை வேறொன்றை ஏற்பதற்கோ அவர்களுடைய தொழில் விதிகள் இடந்தரவில்லை. தனியார் பள்ளி ஆசிரியர் பலர் மாதக்கணக்கில் சம்பளமின்றிக் காய்கறி விற்கவும் வயல்வேலைக்குச் செல்லவும் நேர்ந்தது. தெலங்கானா அரசு 2021 ஏப்ரலில், அம்மாநிலத் தனியார் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் வழங்குவதாக அறிவித்தது. தொண்டு என்று உயர்த்திப் பேசப்பட்ட தொழிலின் நிலை, அரிசி அளந்து கொடுக்கவேண்டிய இடத்திற்கு வந்திருந்தது.

இதற்கு மாறான காட்சியும் ஒன்று உண்டு. 2020 மே மாதத்தில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து, மணிப்பூர் முதலிய வெளிமாநிலங்களைச் சேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்ட செவிலியர் வேலையை விட்டு ஊர் திரும்பினர். 1897-இன் பம்பாய் போலவே, தேவை மிக்க இடத்தில் ஆள் இல்லாமற்போயிற்று. மருத்துவமனைகள் கவலையுற்றன. தேவை மிக்க தொழிலுக்கு அப்போது மதிப்பு உயர்ந்தது. தமிழ்நாட்டிலும் அந்நெருக்கடியில் செவிலியர் பலர் ஆறு மாத ஒப்பந்தத்தில் நியமிக்கப்பட்டனர். ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. நோய் தணிந்தபின், 2022 டிசம்பர் 31-உடன் 2,400-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் முடிவுற்றது. அவர்கள் தெருவில் அமர்ந்து போராடினர். கணிப்பொறித் துறையிலும் 2021-இல் ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவியவருக்குப் பெருஞ்சம்பளம் கிடைத்தது. 2022-இன் பிற்பகுதியிலோ, நியமனக் கடிதம் பெற்ற புதிய பட்டதாரிகள் பலர் பணியில் சேரும் நாள் அறிவிக்கப்படாமல் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

இவை அனைத்தையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கொள்ளைநோய் ஊழியரின் வலிமையை ஒரு சமயம் உயர்த்தும், ஒரு சமயம் தாழ்த்தும். ஆளைக் கொண்டுசென்றால் கூலி உயரும்; வேலையைக் கொண்டுசென்றால் கூலி விழும். இவ்விரண்டும் நம் கையில் இல்லை. தட்டுப்பாடு தந்த உயர்வு தட்டுப்பாட்டோடு நீங்கிவிடும். 1897-இன் ஆலைத் தொழிலாளிக்கும் 2022-இன் செவிலியருக்கும் நேர்ந்தது அதுவே. 1926-இலும் 1953-இலும் பிறந்த உரிமைகள் நிலைத்தமைக்குக் காரணம், அவை எழுதப்பட்டமையே. அவ்வுரிமைகளை எழுதுவித்தவர்களும் பெரும்பாலும் கல்லாத தொழிலாளரே. கற்றவர் அவற்றைத் தமக்குத் தேவையற்றவை என்று எண்ணி வெளியே நின்றனர். மழை வந்தபோது கூரை தம் தலைக்கு மேல் இல்லை என்பதை உணர்ந்தனர்.

நிலையான உத்தியோகம் மட்டுமே போதும், புதிய தொழில்கள் வேண்டா என்று கூறுவது நம் கருத்தன்று. நிறுவனங்களும் நோயால் நலிந்தன என்பதையும், சிறு முதலாளிகள் பலர் கடன்பட்டுச் சம்பளம் கொடுத்தனர் என்பதையும் மறத்தலாகாது. எல்லா வேலையும் நிரந்தரமாதல் இயலாது. ஆனால் வேலை நிரந்தரமில்லாத காலத்தில், இடைவெளியைத் தாங்கும் ஏற்பாடேனும் நிரந்தரமாக இருத்தல் வேண்டும்.

2019-இலும் 2020-இலும் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் இதன் தொடக்கம் சிறிது காணப்படுகிறது. பணிபுரிவோர்க்கு நியமனக் கடிதம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. குறித்த கால நியமனம் பெற்றவர்க்கும் ஓராண்டுப் பணிக்குப்பின் பணிக்கொடை உண்டு. செயலி வழியாக வேலை செய்வோரும் முதன்முறையாகச் சட்டத்தில் பெயர் பெற்றுள்ளனர். எனினும் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் எல்லை, நூறு பேரிலிருந்து முந்நூறு பேராக உயர்ந்துள்ளது. மேற்பார்வைப் பணி செய்பவர் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெற்றால் ‘தொழிலாளி’ என்னும் சொல்லுக்குப் புறம்பேயாவர். கூரை விரிந்துள்ளது, ஆனால் சில இடங்களில் மெலிந்தும் உள்ளது.

வேற்று மாநிலத்தில் வாழும் நம் இளைஞர் இதிலிருந்து கைக்கொள்ளத்தக்கவை அரியன அல்ல. நியமனக் கடிதத்தைச் சம்பளத் தொகையை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாமல், முன்னறிவிப்பு எத்தனை நாள், விடுப்பில் சம்பளம் உண்டா, சேமநலநிதி எத்தொகைக்குக் கட்டப்படுகிறது என்பனவற்றைப் படித்தறிதல் வேண்டும். எவர் எத்துணை இனிமையாகக் கூறினும், படித்துணராமல் ராஜிநாமாவில் கையொப்பமிடலாகாது. தம்மைப் போன்றாருடன் கூடிப் பேசுதல் இழுக்கென்று எண்ணலாகாது. நம் முன்னோர் சந்தா செலுத்தி எழுப்பிய தமிழ்ச் சங்கங்களும், பொங்கல் விழாவோடும் பட்டிமன்றத்தோடும் நின்றுவிடாமல், மாதம் ஒரு மாலைப்பொழுதில் தொழிலாளர் சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரை அழைத்து இளைஞரின் ஐயங்களைக் கேட்கச் செய்யலாம். அடுத்த நோய் எப்போது வரும் என்று எவரும் அறியார். அது வரும்போது நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கவேண்டும் என்பதை, நோயில்லாத இந்நாட்களிலேதான் பேசி முடிவு செய்தல் இயலும்.